நசிகேதன் கேட்ட முதல் வரம்



கடோபநிடதம் பெரிய தத்துவ நூல். ஆனா அது ஆரம்பிக்கிறது ஒரு வீட்டுச் சண்டையில.

வாஜசிரவசர் என்பவர் தம்மிடம் உள்ளதையெல்லாம் தானம் கொடுத்து ஒரு வேள்வி செய்கிறார். அவருடைய மகன் நசிகேதன். சின்னப் பையன். தானமாகப் போகிற மாடுகளைப் பார்க்கிறான். எல்லாம் பால் வற்றிப்போன கிழட்டு மாடுகள். அவனுக்கு மனசு கேட்கல. என்னை யாருக்குத் தானம் கொடுக்கப் போறீங்கன்னு அப்பாவிடம் கேட்கிறான். பதில் இல்லை. இரண்டாவது தடவை கேட்கிறான். மூன்றாவது தடவையும் கேட்கிறான். கோபம் தலைக்கேறிய அப்பா, உன்னை எமனுக்குக் கொடுத்தேன் என்று சொல்லிவிடுகிறார்.

நம்ம வீடுகளில் இந்தக் காட்சிக்குப் பஞ்சமே இல்லை. பையன் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்பான். இல்லாட்டி, நாம சொன்ன ஒரே வேலையைத் திருப்பித் திருப்பி மறப்பான். அஞ்சாவது தடவை நம்ம வாயில என்ன வருதுன்னு நமக்கே தெரியாது. "எங்கேயாவது தொலைஞ்சு போ." "நீயெல்லாம் எதுக்குடா வந்து பொறந்தே?" சொன்னவர் அன்று ராத்திரியே அதை மறந்துடுவார். கேட்டவன் மறக்க மாட்டான்.

நசிகேதன் நிஜமாவே எமன் வீட்டுக்குப் போயிட்டான். எமன் வீட்டில் இல்லை. மூன்று இரவு பட்டினியாகக் காத்திருந்தான். திரும்பி வந்த எமன், விருந்தாளியைப் பசியோடு காக்க வைத்ததற்குப் பரிகாரமாக இரவுக்கு ஒன்றாக மூன்று வரம் தந்தான். அந்தப் பையன் முதலில் என்ன கேட்டான் தெரியுமா? செல்வம் கேட்கல. நீண்ட ஆயுள் கேட்கல. பிரம்ம ஞானத்தைக்கூட மூன்றாவதாகத்தான் கேட்டான். அவன் கேட்ட முதல் வரம் இதுதான்: அப்பாவின் கோபம் தணியணும், நான் திரும்பிப் போகும்போது அவர் என்னை மகிழ்ச்சியோடு ஏத்துக்கணும்.

இந்த முதல் வரத்துக்காக இன்றைக்கும் ஏங்கி நிற்கிற பிள்ளைகள் நம்ம மத்தியில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப் போகிறோம்.

தெரியும், ஆனா செய்ய முடியல

படிவம் 2-ல் படிக்கிற ஒரு பையனை மனசுல நினைச்சுக்குங்க. வாய்ப்பேச்சில் கெட்டிக்காரன். பழைய மோட்டோவைக் கழற்றிப் போட்டுத் திரும்பவும் பூட்டிடுவான். ஆனா வீட்டுப்பாடம்னா உட்கார முடியாது. உட்கார்ந்தாலும் தொடங்க முடியாது. தொடங்கினாலும் முடிக்க மாட்டான். அதிசயமாக முடிச்சிட்டான்னா, நோட்டை வீட்டிலேயே விட்டுட்டுப் பள்ளிக்குப் போயிடுவான். "குளிச்சிட்டு, யூனிஃபார்மை ஊற வச்சிட்டு, கடைக்குப் போயி சீனி வாங்கிட்டு வா"ன்னு அம்மா மூணு வேலை சொன்னா, முதல் வேலையோட நிற்பான். சின்ன விஷயத்துக்கு வெடிப்பான். கால் மணி நேரம் கழிச்சு அவனே அழுவான்.

பெண் பிள்ளைகளில் இது வேற மாதிரி தெரியும். சத்தம் போட மாட்டாள். வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளால் யாருக்கும் தொல்லை இல்லாததால், அவளை யாரும் கவனிப்பதே இல்லை.

இவர்களுக்கு நாம வச்சிருக்கிற பேர்கள்: சோம்பேறி, பொறுப்பத்தவன், மறதிக்காரி, திமிர் பிடிச்சவன். இன்னும் சில பேர் இதைப் பூர்வ ஜென்மக் கர்மம்னு சொல்லி ஒதுங்கிடுறாங்க. சில பேர் செய்வினைன்னு தாயத்துக்கு ஓடுறாங்க.

எமன் என்ன சொல்கிறான்னு கேட்போம். நசிகேதனின் மூன்றாவது வரத்துக்கு விளக்கம் சொல்லும்போது அவன் ஒரு தேரைக் காட்டுகிறான். உடம்பு தேர். ஆத்மா அதில் அமர்ந்திருக்கும் தலைவன். புலன்கள் குதிரைகள். மனம் கடிவாளம். புத்தி சாரதி. சாரதி தேர்ந்தவனாக இருந்தால் குதிரைகள் அவன் சொல்படி போகும். இல்லாவிட்டால் கண்ட பக்கம் இழுத்துக்கொண்டு ஓடும்.

அந்தச் சாரதி வேலையைத்தான் இன்றைய உளவியல் "எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன்" என்கிறது. செயல் நிர்வாகத் திறன்னு வச்சுக்கலாம். இதில் அடிப்படையாக மூன்று வேலைகள் இருக்கின்றன. ஒன்று, சொன்னதை மனசில் ஏந்திக்கொண்டே வேலை செய்வது. இரண்டு, வந்த உந்துதலுக்கு உடனே ஆடாமல் நிறுத்திப் பிடிப்பது. மூன்று, நிலைமை மாறினால் வழியை மாற்றிக்கொள்வது. திட்டம் போடுவது, நேரத்தைக் கணக்கிடுவது, தொடங்கியதை முடிப்பது எல்லாம் இந்த மூன்றின்மேல்தான் நிற்கின்றன.

இந்த வேலையில் பெரும்பங்கு மூளையின் முன்பகுதிக்கு. நாம திருநீறு பூசுகிற நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதி. திருநீறு பூசினா அது வேகமாக வளரும்னு நான் சொல்ல வரல. இடம் புரியட்டும்னு சொன்னேன். மூளையில் கடைசியாக முதிர்கிற பகுதிகளில் அது ஒன்று. இருபது வயதைத் தாண்டி, இருபதுகளின் நடுப்பகுதி வரைக்கும்கூட அது வளர்ந்துகொண்டே இருக்கும். எல்லாப் பிள்ளைக்கும் இப்படித்தான்.

சில பிள்ளைகளுக்கு இது இன்னும் மெதுவாக வளர்கிறது. ஏ.டி.எச்.டி. என்கிற கவனக்குறைவு, மிகை இயக்க நிலை உள்ள பிள்ளைகளின் மூளையை அமெரிக்காவின் தேசிய மனநலக் கழக ஆய்வாளர்கள் படம் எடுத்துப் பார்த்து, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் மூளைப்புறணி வளர்கிற வரிசை மற்ற பிள்ளைகளைப் போலவேதான் இருந்தது. ஆனால் சராசரியாக மூன்று ஆண்டு தாமதம். உலக அளவில் பிள்ளைகளில் ஏறக்குறைய 5 விழுக்காட்டினருக்கு இந்த நிலை இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். 30 பேர் உள்ள வகுப்பில் ஒருத்தர் அல்லது இரண்டு பேர். இது தவிர, குறைமாதப் பிறப்பு, தூக்கமின்மை, வீட்டில் ஓயாத சண்டை, பணக் கஷ்டம், பயம், துக்கம் இவையும் இந்தத் திறனைத் தளர்த்தும்.

ஆக, தேர் நல்லாத்தான் இருக்கு. குதிரைகளுக்கும் வேகம் இருக்கு. உள்ளே அமர்ந்திருக்கும் ஆத்மாவுக்கு ஒரு குறையும் கிடையாது. சாரதிக்கு மட்டும் இன்னும் வயசு பத்தல. அதைப் போய் நாம திமிர்னு சொல்லலாமா?

கர்மம் என்று ஒதுங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பிள்ளையின் கர்மம் என்னன்னு நமக்குத் தெரியாது. அவன் கையைப் பிடிப்பது நம்ம தர்மம்னு நமக்கு நல்லாத் தெரியும்.

தோட்டத்து மணி நின்ற பிறகு

பேராக்கில் நம்ம தாத்தா பாட்டி பலர் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள். சுங்கை சிப்புட், செமோர், பத்து காஜா, பீடோர் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. விடியுமுன் மணி அடிக்கும். பிரட்டுக்கு ஆள் நிற்கணும். பிறகு பால் வெட்டு, பால் எடுப்பு, நிறுவை. கைக்குழந்தைக்கு ஆயாக் கொட்டகை. பெரிய பிள்ளைக்குத் தோட்டத்திலேயே தமிழ்ப்பள்ளி. சாயங்காலம் மாரியம்மன் கோயில் வாசல். ஒரு பையன் பள்ளிக்குப் போகாம ஆத்தோரம் சுத்தினா, வீட்டுக்கு வர்றதுக்குள்ள நாலு பேர் கேட்டிருப்பாங்க.

அந்த வாழ்க்கையைப் பொற்காலம்னு சொல்லக் கூடாது. அந்த மணி முதலாளியின் லாபத்துக்காக அடிச்ச மணி. பிள்ளையின் நன்மைக்காக அடிச்சதில்ல. வறுமை இருந்தது, சாராயம் இருந்தது, அடியும் இருந்தது. ஆனாலும் ஒன்று உண்மை. சாரதி பலவீனமாக இருந்த பிள்ளைக்கும் வெளியே இருந்து ஒரு கடிவாளம் இருந்தது. நேரத்தை மணி சொன்னது. அடுத்த வேலையை ஊர் சொன்னது.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. குடும்பங்கள் ஈப்போவுக்கும் மற்ற பட்டணங்களுக்கும், மலிவு விலை வீடுகளுக்கும் வந்தன. இன்றைக்குப் பல வீடுகளில் அப்பா லோரி ஓட்டுகிறார். அம்மா பேக்டரியில் ஷிப்ட் வேலை செய்கிறார். பிள்ளை மத்தியானம் பள்ளி முடிந்து பூட்டிய வீட்டைத் திறந்து உள்ளே போகிறான். கையில் கைப்பேசி. ராத்திரி வரைக்கும் அவனுக்கு அவனே சாரதி.

பள்ளியும் மாறிவிட்டது. தமிழ்ப்பள்ளியில் நம்ம வீட்டு மொழியில் பேசி, பேர் சொல்லிக் கூப்பிட்ட ஆசிரியர் இருந்தார். இடைநிலைப்பள்ளியில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர், மொழியும் மலாய். எந்த நாளுக்கு எந்தப் புத்தகம்னு பிள்ளையே ஞாபகம் வச்சுக்கணும். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ல் நிறுத்தப்பட்டது, பி.டி.3 2022-ல் நிறுத்தப்பட்டது. தேர்வு பயம் குறைந்தது நல்லதுதான். ஆனா இப்போது வகுப்புசார் மதிப்பீடு, திட்டவேலைன்னு வாரக் கணக்கில் பிரிச்சுச் செய்ய வேண்டிய வேலைகள். 17 வயதில் எஸ்.பி.எம். என்கிற பெரிய தேர்வு. நிர்வாகத் திறன் குறைந்த பிள்ளைக்குத் தூரத்தில் இருக்கிற தேதி கண்ணுக்கே தெரியாது. "தமிழ்ப்பள்ளியில நல்லாத்தான் படிச்சான், படிவம் 1 போனதும் கெட்டுட்டான்"னு நாம சொல்ற பிள்ளைகளில் சிலருக்கு நடந்தது இதுதான். பிள்ளை மாறல; சாரதிக்கு வேலை திடீர்னு மூணு மடங்கு ஆயிடுச்சு.

கண்ணனும் சல்லியனும்

உள்ளே இருக்கிற சாரதி தடுமாறும்போது வெளியே இருந்து ஒரு சாரதி வேணும். மகாபாரதத்தில் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள்.

அர்ச்சுனனுக்கு வில்வித்தை தெரியாதா? உலகமே அறிந்த வீரன். ஆனா குருட்சேத்திரத்தில் கை நடுங்கி, வில்லை விட்டுவிட்டு உட்கார்ந்துட்டான். தெரிந்தவன்தான், செய்ய முடியல. அப்போ கண்ணன் என்ன செய்தார்? கவனமாகப் பாருங்க. முதலில் அவரும் கடிந்துதான் பேசினார். கோழைத்தனம் வேண்டாம், எழுந்திருன்னு சொன்னார். வேலைக்கு ஆகல. அர்ச்சுனன் போர் செய்ய மாட்டேன்னு சொல்லிட்டு மௌனமாயிட்டான். அதுக்குப் பிறகுதான் கண்ணன் புன்னகையோடு பேச ஆரம்பிக்கிறார். பகவான் கடிந்தே நடக்காத காரியம், நாம கத்தினா நடந்துடுமா?

ஆறாவது அத்தியாயத்தில் அர்ச்சுனன், மனசு காற்று மாதிரி, அதை அடக்கவே முடியலன்னு முறையிடுகிறான். அதெல்லாம் ஒரு சாக்குன்னு கண்ணன் சொல்லல. ஆமாம், சிரமம்தான்னு முதலில் ஒப்புக்கொள்கிறார். பிறகு பயிற்சியால் முடியும்னு வழி சொல்கிறார். கடைசி வரைக்கும் வில்லைத் தன் கையில் எடுக்கல. யோசிச்சுப் பார்த்து உன் விருப்பப்படி செய்னு முடிவை அர்ச்சுனனிடமே விட்டார்.

இன்னொரு சாரதி சல்லியன். மத்ர நாட்டு அரசன். நகுலன், சகாதேவனுக்கு மாமன். தேர் ஓட்டுவதில் கண்ணனுக்கு இணையானவன்னு பேர் வாங்கியவன். அவன் கர்ணனுக்குச் சாரதியானான். ஆனா வழி நெடுக என்ன செய்தான்? நீயெல்லாம் அர்ச்சுனனுக்கு முன்னால எம்மாத்திரம்னு மட்டம் தட்டினான். அன்னத்தோடு போட்டி போட்டுப் பறந்த காக்காய்க் கதையைச் சொல்லிக் குத்தினான். கர்ணனின் தெம்பைக் குலைக்கிறேன்னு தருமனுக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுத்தவன் அவன். சல்லியனுக்குத் தேர் ஓட்டத் தெரியாமல் இல்லை. அவன் வாய்தான் அவன் ரதிகனைத் தோற்கடித்தது.

"பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பாரு." "உன் தங்கச்சிக்கு இருக்கிற மூளை உனக்கு இல்லையே." "உனக்குப் பீஸ் கட்டறது தண்டம்." ஒவ்வொரு தடவை இப்படிப் பேசும்போதும் நம்ம வீட்டுத் தேரில் சல்லியன் ஏறி உட்கார்றான். பிள்ளைக்குச் சோறு போடுவோம், பீஸ் கட்டுவோம், பள்ளிக்கு ஏற்றி இறக்குவோம், எல்லாம் செய்வோம். சல்லியனும் தேரை ஒழுங்காத்தான் ஓட்டினான்.

கோயில் காட்டுகிற மூன்று வழி

சரி, கண்ணனாக இருப்பது எப்படி? நம்ம கோயிலைப் பார்த்தாலே போதும்.

முதல் வழி, சங்கல்பம். குருக்கள் பூசை தொடங்கும் முன் சங்கல்பம் செய்வாரே, அதில் என்ன சொல்கிறார்? எந்த இடம், எந்த நாள், எந்த நட்சத்திரம், யாருக்காக, என்ன பூசை. எல்லாத்தையும் குறிப்பாகச் சொன்ன பிறகுதான் வேலை தொடங்கும். "நல்லா கும்பிடுவோம்"னு பொதுவாகச் சொல்லி எந்தப் பூசையும் தொடங்குவதில்லை. ஆனா பிள்ளைகிட்ட நாம பொதுவாத்தான் சொல்றோம்: "ஒழுங்கா படி", "பொறுப்பா இரு". சாரதி பலவீனமான பிள்ளைக்கு இதில் பிடிக்க ஒரு கயிறும் இல்லை.

அதுக்குப் பதிலா இப்படி ஒரு சங்கல்பம் செய்து பாருங்க: "இன்னிக்கு ராத்திரி 8 மணிக்கு, சாப்பிட்ட தட்டைக் கழுவி வச்சதும், இதே மேசையில, கணக்கில் முதல் மூணு கேள்வி." நேரம், இடம், எதுக்கு அடுத்து, எவ்வளவு. "இது நடந்ததும் நான் இதைச் செய்வேன்" என்று முடிச்சுப் போட்டு வைத்தால் மனிதர்கள் நினைத்ததைச் செய்து முடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். அந்த சங்கல்பத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பிள்ளை பார்க்கிற இடத்தில் ஒட்டிடுங்க. மனசில் ஏந்த முடியாததைச் சுவர் ஏந்தட்டும்.

இரண்டாவது வழி, காவடி. "பத்து நிமிஷம் படிக்க உட்கார முடியாதவன், தைப்பூசத்துக்கு மட்டும் அத்தனை நாள் விரதம் இருக்கான். அப்போ நினைச்சா முடியுதுல்ல?" இந்தக் குற்றச்சாட்டை நாம அடிக்கடி கேட்கிறோம். நியாயமான கேள்விதான். பதிலும் அதிலேயே இருக்கு.

குனோங் சீரோ கல்லுமலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்துப் போகிற ஒருவரைப் பாருங்க. அவர் தனியாகவா போகிறார்? முன்னால் உறுமி. பக்கத்தில் ஒருத்தர் தண்ணீர்ப் போத்தலோடு. இன்னொருத்தர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு. களைத்தால் உட்கார வைப்பார்கள். தடுமாறினால் "வேல் வேல்" என்று நாலு குரல். விரத நாட்களிலும் அப்படித்தான். கழுத்தில் மாலை கண்ணுக்குத் தெரிகிற ஞாபகக் குறிப்பு. முடியும் தேதி நாள்காட்டியில் இருக்கிறது. காலையில் குளியல், மாலையில் பூசைன்னு நாளைக்கு நாள் சின்னச் சின்ன படிகள். வீடே சேர்ந்து சைவம். அந்தப் பையனின் மனவுறுதி உண்மைதான். ஆனா அதைத் தாங்க இத்தனை கைகள் இருந்தன. கணக்கு நோட்டுக்கு முன்னால் உட்காரும்போது அவனுக்கு உறுமியும் இல்லை, ஸ்டூலும் இல்லை.

ஆகவே, கூட உட்காருங்க. பாடம் சொல்லித் தரணும்னுகூட இல்லை. உங்க வேலையை நீங்க அதே மேசையில் பார்த்தாலே போதும். பதினைந்து நிமிஷம் படிப்பு, ஐந்து நிமிஷம் ஓய்வு. கைப்பேசி வேறு அறையில். பெரிய வேலையைச் சின்னதாக வெட்டிக் கொடுங்க. முடிச்ச ஒவ்வொன்றுக்கும் அங்கேயே, அப்போதே ஒரு நல்ல வார்த்தை. அறிவுரையை ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் சேர்த்துக் கொடுப்பதில் பயனில்லை. பிள்ளை தடுமாறுகிற இடத்தில், தடுமாறுகிற நேரத்தில் உதவி வேணும். பள்ளிப்பை ராத்திரியே தயாராகிக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். தூக்கத்தையும் மறக்காதீங்க, 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை. தூங்காத சாரதி யாருக்குத்தான் தேர் ஓட்டுவான்?

மூன்றாவது வழி, சாரம். கும்பாபிஷேகத்துக்கு முன்னால் கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டுவார்கள். அது அழகாக இருக்காது. ஆனா அது இல்லாமல் மேலே ஒரு சுதைச் சிற்பம்கூட நிற்காது. வேலை முடிய முடிய, மேலிருந்து ஒவ்வொரு தட்டாகப் பிரிப்பார்கள். கும்பாபிஷேக நாளில் கோபுரம் தனியாக நிற்கும். 1976-ல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய மூவர், சின்னப் பிள்ளைகள் பெரியவர் உதவியோடு மரத்துண்டுகளால் பிரமிடு கட்டுவதை ஆராய்ந்து எழுதினார்கள். பிள்ளைக்குத் தேவையான அளவு மட்டும் கொடுக்கும் அந்த உதவிக்கு அவர்கள் வைத்த பெயரும் சாரம்தான்.

இங்கே இரண்டு தவறு நடக்கும். சாரமே கட்டாமல் "தானா வளரட்டும்"னு விடுவது ஒன்று. கோபுரம் முடிஞ்ச பிறகும் சாரத்தைப் பிரிக்காமல் விடுவது இன்னொன்று. 16 வயதுப் பையனின் பையை அம்மாவே அடுக்குவது இரண்டாவது வகை. முதலில் சேர்ந்து செய்யுங்க. பிறகு பக்கத்தில் நின்று பாருங்க. பிறகு "முடிஞ்சதா?"ன்னு கேட்டால் மட்டும் போதும். பிறகு அதுவும் வேண்டாம். நடுவில் ஒரு வாரம் சறுக்கினால் சாரத்தைத் திரும்பக் கட்டுங்க. அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

தஞ்சோங் ரம்புத்தான் என்கிற பயம்

இத்தனை செய்தும் பிள்ளை தடுமாறினால், டாக்டரைப் பார்க்கணும். இங்கேதான் நம்ம பேராக்காரர்களுக்கு ஒரு தனிப் பயம். தஞ்சோங் ரம்புத்தானில் 1911-ல் மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. அன்று முதல் அந்த ஊர்ப் பேரே நமக்கு ஒரு கேலிச் சொல் ஆயிடுச்சு. "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்"னு விளையாட்டுக்குச் சொல்லிச் சொல்லியே, மனசுக்கு டாக்டரைப் பார்ப்பது பைத்தியத்துக்கு முத்திரை குத்துவதுன்னு நம்பிட்டோம். இன்று அந்த மருத்துவமனையின் பெயர் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. பஹாகியான்னா மகிழ்ச்சி. பேரை மாத்திட்டாங்க, நம்ம வாய் இன்னும் மாறல.

பக்கத்து அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் போய்ப் பிள்ளையின் நிலையைச் சொன்னால், தேவைப்பட்டால் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கொடுப்பார்கள். போகும்போது ஆசிரியர் சொன்னதையும் வீட்டில் பார்த்ததையும் எழுதி எடுத்துப் போங்க. ஏ.டி.எச்.டி.யா, கற்றல் குறைபாடா, கவலையா, காது கேட்பதில் சிக்கலான்னு அவர்கள் கண்டுபிடிக்கட்டும். நாமளே பேர் வைக்க வேண்டாம். மருந்து வேணுமா வேணாமா என்பதையும் டாக்டரோடு பேசி முடிவு செய்யலாம். உறுதியானால், 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி சமூக நல இலாகாவில் பதிந்து ஓ.கே.யூ. அட்டை வாங்க வழி உண்டு. கற்றல் குறைபாட்டுப் பிரிவில் ஏ.டி.எச்.டி.யும் சேரும். வாங்குவதும் வாங்காததும் குடும்பத்தின் விருப்பம். ஆனா வெட்கத்துக்காக மட்டும் ஒரு பிள்ளையின் உதவியை மறுத்துடாதீங்க.

நாம செய்ய வேண்டியது

இளைஞர்களே, இது அம்மா அப்பாவுக்கு மட்டும் சொன்னதில்லை. ஷிப்ட் முடிஞ்சு களைச்சு வர்ற அம்மாவால் ஒவ்வொரு நாளும் கண்ணனாக இருக்க முடியாது. அண்ணன், அக்கா, சித்தப்பான்னு நாம எதுக்கு இருக்கோம்? நம்ம சமய வகுப்பிலும், டியூஷனிலும், இளைஞர் முகாமிலும் இப்படி ஒரு பிள்ளை நிச்சயம் இருப்பான். தேவாரம் மனப்பாடம் ஆகாதவன், வரிசையில் நிற்காதவன். அவனை வெளியே அனுப்பினால் வகுப்பு அமைதியாகும். ஆனா அவன் போறதுக்கு வேற இடங்கள் காத்திருக்கு. அங்கே அவனுக்குக் கடிவாளம் பிடிக்க வர்றவங்க யாருன்னு நமக்குத் தெரியும். எப்போ சண்டைக்குப் போகணும், எதைக் கொண்டு போய் யார்கிட்ட கொடுக்கணும், எல்லாத்தையும் அவங்க அவனுக்காக முடிவு செய்வாங்க. சாரதி இல்லாத தேரைப் பிடிச்சுக்க ஆள் எப்போதும் தயார்.

அதனால அவனை முன்வரிசையில் உட்கார வையுங்க. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்க. விளக்கேற்றுவது, மணி அடிப்பது, பிரசாதம் கொடுப்பதுன்னு உடம்பு அசைகிற பொறுப்பைக் கொடுங்க. நம்ம கிளை ஒவ்வொன்றும் வாரத்தில் இரண்டு நாள், பள்ளி முடிந்த பிறகு கோயில் மண்டபத்தில் இரண்டு மணி நேரம் மேசையும் துணையும் கொடுத்தால் போதும். பாடம் நடத்த வேண்டாம். உட்கார ஓர் இடம், பக்கத்தில் ஓர் அண்ணன், சுவரில் ஒரு கடிகாரம். அது சில பிள்ளைகளுக்கு டியூஷனைவிடப் பெரிய உதவி.

இதைப் படிக்கிற தம்பி, தங்கச்சி, இது நீயேதான்னு உனக்குத் தோணினா, உனக்கும் ஒன்று சொல்லணும். நீ கெட்டவன் இல்லை. உன் சாரதி இன்னும் வளர்ந்துகிட்டு இருக்கான். ஆனா வளர்ற வரைக்கும் தேர் ஓடித்தான் ஆகணும். அதனால உதவி கேட்கறது உன் பொறுப்பு. அர்ச்சுனன் தன் கை நடுங்குதுன்னு கண்ணன்கிட்ட வெளிப்படையாச் சொன்னான். சொன்னதாலதான் நமக்குக் கீதையே கிடைச்சது. நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட போய், "எனக்குத் தெரியுது, ஆனா தொடங்க முடியல"ன்னு இதே வார்த்தையில் சொல்லு.

மற்றவர்களுக்கு இந்த வாரத்துக்கு ஒரு சங்கல்பம். உங்க வீட்டிலோ வகுப்பிலோ ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுங்க. ஒரு நாள், ஒரு நேரம், ஒரு மேசை குறிச்சுக்குங்க. அவன் பக்கத்தில் பதினைந்து நிமிஷம் உட்காருங்க. அவன் வரும்போது முகம் மலர்ந்து "வாடா தம்பி"ன்னு கூப்பிடுங்க. எமன் கொடுத்த முதல் வரம் அதுதான். அதைக் கொடுக்க நாம எமனாகவோ தேவராகவோ இருக்க வேண்டியதில்லை.

திருச்சிற்றம்பலம்.